பனிச்சறுக்குப் பிணைப்பு: பிடித்தலும் விடுத்தலும்

மனிதன் தன் உடலோடு ஒரு கருவியைப் பிணைத்துக்கொள்ளும்பொழுது இரண்டு வினாக்கள் எழுகின்றன. அக்கருவி எத்துணை உறுதியாகப் பற்றவேண்டும் என்பது ஒன்று. எப்பொழுது அது தன் பற்றை விடவேண்டும் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை விரைவிற் கிடைத்துவிடும். இரண்டாவதற்கோ நெடுங்காலம் காத்திருக்க நேரும். ஐரோப்பிய மலைச் சரிவுகளிற் பனிச்சறுக்கு ஆடுவோர் காலணியைப் பலகையோடு இணைக்கும் பிணைப்பின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பனியே காணாத வெப்பநாட்டில் வாழும் நமக்கு இக்கருவியைப் பற்றிச் சிறிது விளக்கம் வேண்டும். பனியில் வழுக்கிச் செல்வதற்காகக் காலடியிற் கட்டிக்கொள்ளும் நீண்ட பலகைக்கு ஸ்கீ என்பது பெயர். பிளந்த மரத்துண்டு என்பதே அச்சொல்லின் பழைய நார்வீஜியப் பொருள். ஆளுயரப் பலகையின் நடுவிற் காலணி நிற்கும். அதனைப் பலகையோடு இணைப்பதே பிணைப்பு. பலகையைத் திருப்புவதும் நிறுத்துவதும் இதன்வழியே நடைபெறுகின்றன. விழும்பொழுது பலகையின் விசை காலுக்கு வந்து சேருவதும் இதே வழியில்தான்.

மரக்கொம்பும் தோல்வாரும்

பழங்காலத்தில் நார்வே நாட்டு உழவர்கள் கால்விரற் பகுதியை மட்டும் ஒரு தோல்வாரினுள் நுழைத்துக்கொண்டு பனிமீது நடந்தனர். சமவெளிக்கும் சிறு மேடுகளுக்கும் அது போதுமானதாய் இருந்தது. ஆனால், சரிவில் வேகமாக இறங்கினாலோ, மேட்டிலிருந்து தாவினாலோ, பலகை காலைவிட்டுக் கழன்றுவிடும்.

டெலிமார்க் மாவட்டத்து மார்கெடால் என்னும் சிற்றூரில் 1825ஆம் ஆண்டு பிறந்த சோன்ட்ரெ நூர்ஹெய்ம் இக்குறையை நீக்க முயன்றார். முறுக்கிய மெல்லிய மரக்கொம்புகளைக் குதிகாலைச் சுற்றிக் கொணர்ந்து பலகையோடு அவர் இணைத்தார். குதிகால் மேலெழும்பலாம், ஆயினும் பலகை கழலாது. 1868ஆம் ஆண்டு, இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரில் நிகழ்ந்த போட்டியில் அவர் காட்டிய திறமை நாடெங்கும் பேசப்பட்டது. 1890ஆம் ஆண்டுகளில் பிரிட்ஸ் ஹுயிட்பெல்ட் என்னும் நார்வேயர், கால்விரற் பகுதியின் இருபுறமும் இறுகப் பற்றும் இரும்புக் காதுகளை அமைத்தார். அதனாற் காலணி பக்கவாட்டில் அசைவது குறைந்தது.

இவையெல்லாம் நார்வே நிலத்துக்கு ஏற்றவை. நான்சென் 1888ஆம் ஆண்டு கிரீன்லாந்தை ஸ்கீயின் துணையாற் கடந்தார். அவர் எழுதிய நூல் வெளிவந்தபின் மத்திய ஐரோப்பியர்க்கும் இக்கலையில் ஆர்வம் பிறந்தது. ஆனால், ஆல்ப்ஸ் மலையின் சரிவுகள் செங்குத்தானவை. ஆஸ்திரியாவின் லிலியன்பெல்ட் ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, காலணி முழுவதையும் தாங்கும் எஃகு அடித்தட்டு ஒன்றை அமைத்து, செங்குத்துச் சரிவிலும் பலகையைத் தன்வயப்படுத்தினார். 1905ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் மூக்கன்கோகல் மலையில் அவர் நடத்திய போட்டி, வாயில்களினூடே வளைந்து இறங்கும் பந்தயங்களுக்கு முன்னோடியாயிற்று.

குதிகால் கட்டுண்டது

சரிவில் இறங்கும் பந்தயங்களுக்கு விதிவகுத்துப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஆர்னால்ட் லன் என்னும் ஆங்கிலேயர். இவர் 1888ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தவர் என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி. சுவிட்சர்லாந்தின் மூரென் ஊரில் 1922ஆம் ஆண்டு இவர் தம் விதிப்படி ஸ்லாலம் பந்தயத்தை நடத்தினார். அங்குக் கந்தஹார் என்னும் பெயருடைய சங்கமும் கோப்பையும் இருந்தன. ஆப்கானிஸ்தானப் போரில் வென்று அந்நகரின் பெயரையே பட்டமாகப் பெற்ற ராபர்ட்ஸ் பிரபுவின் நினைவாக எழுந்த பெயர் அது.

பந்தயக்காரர்க்கு வேகமும் கட்டுப்பாடும் வேண்டும். குதிகால் ஆடினால் இரண்டும் இல்லை. சுவிஸ் நாட்டவரான கீடோ ரூஜ் 1930ஆம் ஆண்டையொட்டி அமைத்த பிணைப்பு இக்குறையைத் தீர்த்தது. அதற்கும் கந்தஹார் என்றே பெயர் வழங்கிற்று. எஃகுக் கம்பிவடம் ஒன்று காலணியின் பின்புறப் பள்ளத்தைச் சுற்றிவரும். முன்னுள்ள நெம்புகோலை அழுத்தினால் வடம் இறுகும். பலகையின் பக்கங்களில் உள்ள கொக்கிகளில் வடத்தை மாட்டினாற் குதிகால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கொக்கியினின்று எடுத்துவிட்டால் மேடேறி நடக்கலாம். பந்தயக்காரர் சிலர் இதனோடும் நில்லாமல், நீண்ட தோல்வாரைக் கணுக்காலிற் பன்முறை சுற்றிக் கட்டிக்கொண்டனர்.

தளை என்னும் சொல்லை யாப்பிற் சீர்களின் இணைப்புக்கும் வழங்குகிறோம். கைதியின் காலிற் பூட்டும் விலங்குக்கும் வழங்குகிறோம். இப்பிணைப்பு இரண்டு பொருளிலும் தளையாயிற்று. ஆடுவோரையும் பலகையையும் ஒன்றாக்கியது. விழும்பொழுதோ விலங்காகிக் காலை முறித்தது. கரடிப்பொறி என்று அதற்குப் பட்டப்பெயர் எழுந்ததில் வியப்பில்லை.

முறிவின் காரணம் எளியது. திருகுசாவியின் பிடி நீள நீள முறுக்கும் வலிமை மிகும். பலகையின் நுனி பனியிற் சிக்கித் திரும்பும்பொழுது, பலகையே நீண்ட பிடியாகிறது. கீழ்க்கால் எலும்பே திருகாணியாகிறது. பிணைப்பு விடாதபொழுது எலும்புதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

முறிந்த கால் கற்பித்த பாடம்

நார்வேயிற் பிறந்து அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திற் குடியேறிய யால்மர் வாம் சிறந்த சறுக்கு வீரர். 1937ஆம் ஆண்டு ஹூட் மலையில் அவருடைய கால் முறிந்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே, முறுக்கு மிகும்பொழுது தானே திறந்துகொள்ளும் முனைப்பிடி ஒன்றை அவர் வரைந்தார். 1939இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பற்றுவதற்கென்றே செய்த கருவியை விடுவதற்கும் கற்பித்த முயற்சிகளுள் இது முதன்மையானது.

போருக்குப் பின்னர் இவ்வெண்ணம் விரைந்து வளர்ந்தது. பிரெஞ்சுக்காரரான ஜான் பேல் 1950ஆம் ஆண்டு லுக் நிறுவனத்தின் நெவாடா முனைப்பிடியை வெளியிட்டார். ஜெர்மானியரான ஹான்னெஸ் மார்க்கர் 1952ஆம் ஆண்டு டூப்ளெக்ஸ் என்னும் முனைப்பிடியைக் கொணர்ந்தார். அமெரிக்கரான கபர்லி முனையோடு குதியும் திறக்கும் அமைப்பொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

எனினும் எல்லாரும் இவற்றை உடனே வரவேற்கவில்லை. மிகு வேகத்திற் செல்லும்பொழுது தேவையின்றிப் பிணைப்பு திறந்துகொண்டால், அதுவும் உயிருக்குக் கேடாகும். ஆகவே பந்தயக்காரர் பலர் பழைய தோல்வாரையே நம்பினர். அவர்கள் அச்சம் மூடநம்பிக்கையன்று. ஒரு மேட்டின்மீது மோதும் அதிர்ச்சி பெரிதாயினும் கணப்பொழுதில் மறையும். எலும்பை முறிக்கும் முறுக்கோ விடாது தொடரும். இரண்டையும் வேறுபடுத்தி அறியும் பிணைப்பே நல்ல பிணைப்பு. அதற்காகவே புதிய முனைப்பிடி ஓரளவு பக்கவாட்டில் நகர்ந்து, விசை தணிந்ததும் வில்லின் இழுப்பால் மீண்டும் நடுவுக்கு வருமாறு அமைக்கப்பட்டது. நகர்ச்சி எல்லையைக் கடந்தாலன்றி அது திறவாது.

இன்னொரு தடையும் இருந்தது. தோற்காலணியின் அடி நனைந்தும் தேய்ந்தும் வளைந்தும் போகும். அடிப்பாகம் பலகையோடு உராய்ந்தால், முனைப்பிடி எவ்வளவு சிறந்ததாயினும் உரிய நேரத்திற் காலணி வெளிவராது. 1960ஆம் ஆண்டுகளில் இவ்வுராய்வைக் குறைக்கும் வழுக்குத்தகடு வந்தது. பிளாஸ்டிக் காலணி பரவியது. அதன் அடியின் வடிவமும் அளவும் பின்னர் ஒரே தரத்துக்கு வந்தன. கழன்ற பலகை மலையடிக்கு ஓடிப் பிறரைத் தாக்காமலிருக்க முன்பு அதனைக் காலோடு வாரினாற் கட்டினர். அது விழுந்தவரையே சுழன்றடித்தது. 1970ஆம் ஆண்டுகளில் பலகையைப் பனியில் ஊன்றி நிறுத்தும் தடைக்கம்பிகள் அவ்வாரின் இடத்தைப் பிடித்தன.

பழைய பிணைப்பை இறுக்குவது கையின் பழக்கத்தைப் பொறுத்தது. புதிய பிணைப்பில் அளவெண் உண்டு. எண் 5 என்றால், ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் முறுக்கில் முனை திறக்கும் என்பது பொருள். எடை, உயரம், வயது, காலணியடியின் நீளம், ஆடும் திறன் ஆகியவற்றைக் கொண்டு அவ்வெண்ணைக் கணிக்கின்றனர். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு அதனைக் குறைத்து வைப்பர்.

எஞ்சி நிற்கும் குறை

இதன் பயன் என்ன? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான்சன், எட்லிங்கர், ஷீலி ஆகிய மூவரும் 1972ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் காயங்களைக் கணக்கெடுத்தனர். கீழ்க்கால் எலும்பு முறிவுகள் பெருமளவு குறைந்திருந்தன. ஆனால் முழங்காலினுள் இருக்கும் முன்சிலுவைத் தசைநாரின் காயங்கள் மிகுந்திருந்தன.

இதற்குக் காரணம் பிணைப்பின் அமைப்பிலேயே உள்ளது. முனை பக்கவாட்டிற் திறக்கும். குதி மேல்நோக்கித் திறக்கும். ஆடுபவர் பின்புறமாகச் சாய்ந்து விழும்பொழுதோ, பலகையின் வாற்பகுதியே பனியைப் பற்றிக்கொண்டு முழங்காலை முறுக்குகிறது. குதிகாலுக்குப் பின்னிருந்து வரும் அவ்விசை முனைப்பிடியைத் திறக்கும் அளவுக்கு அதனை எட்டுவதில்லை. எலும்பைக் காப்பதற்கென்று வகுத்த பொறி, நாரின் துன்பத்தை உணராது.

அம்மூவரும் பொறியை விட்டு ஆடுபவரின் பக்கம் திரும்பினர். விழும் நேரத்தில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று மலைக்காவலர்க்கும் பயிற்றுநர்க்கும் படங்காட்டிப் பயிற்சி அளித்தனர். பயின்றோரிடையே முழங்கால் தசைநாரின் கடுங்காயங்கள் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தன என்று 1995ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

பழைய பிணைப்பு ஒன்றே அறிந்திருந்தது: பிடித்தல். புதிய பிணைப்பு இரண்டு அறியும்: பிடித்தல், விடுத்தல். ஆனால் எதனை விடவேண்டுமென்று மனிதன் முன்கூட்டி அளந்து வைத்தானோ அதனை மட்டுமே அது விடும். அவன் அளவாத விசைக்கு அஃது இன்றும் கரடிப்பொறியே. ஆதலாற் பாதுகாப்பு என்பது வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருளன்று. அளந்தறிந்து, மீண்டும் அளந்து திருத்திக்கொண்டே இருக்கவேண்டிய அறிவு. மரக்கொம்பில் தொடங்கிய இவ்வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.