உமாதக் ஊரின் நரம்பு முடிச்சுகள்

பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவின் தென்மேற்குக் கரையில் உமாதக் என்றொரு சிற்றூர். ஸ்பெயினிடமிருந்து 1898-ல் அமெரிக்காவின் கைக்கு வந்த தீவை ஜப்பான் 1941-ல் பிடித்தது. 1944-ல் அமெரிக்கா மீட்டது. அதன் பிறகு அங்கே வந்த கடற்படை மருத்துவர் ஹாரி சிம்மர்மேன், பூர்வகுடிகளான சமோரோ மக்களிடம் தசைகள் சூம்பிப்போகும் நரம்பு நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதை 1945-ல் பதிவு செய்தார். அமெரிக்காவில் உள்ளதைப்போல் அது சுமார் 100 மடங்கு என்று 1950-களில் லெனார்ட் கர்லண்டும் டொனால்ட் மல்டரும் கணக்கிட்டார்கள். தீவினருக்கு இதெல்லாம் புதிதில்லை. கைகால் சூம்பினால் லிட்டிக்கோ, உடல் விறைத்து நடுங்கி நினைவும் தப்பினால் போடிக் என்று அவர்களே பிரித்து வைத்திருந்தார்கள். உமாதக்கில் ஒரே வீட்டில் இரண்டும் இருந்ததுண்டு.

இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த அசாவோ ஹிரானோவும் உடனிருந்தோரும் 1961-ல் எழுதியதுதான் இந்த வரலாற்றின் மையம். நரம்பணுக்களுக்குள் திரித்த நூல்போல முடிச்சுகள் நிறைந்திருந்தன. ஆனால் அல்சைமர் நோயில் அணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகக் காணப்படும் அமிலாய்டு என்ற புரதப் படிவு பெரும்பாலும் இல்லை. முடிச்சு எந்தப் பொருளால் ஆனது என்று அப்போது யாருக்கும் தெரியாது. டாவ் புரதமே 1975-ல்தான் கண்டறியப்பட்டது. முடிச்சு அதனால் ஆனது என்பது 1980-களின் நடுவில்தான் தெளிவாயிற்று. நரம்பணுவின் நீண்ட இழைக்குள் சத்துகளை ஏற்றி இறக்கும் நுண்குழாய்களைத் தாங்குவது டாவின் வேலை. பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் அது குழாயை விட்டுக் கழன்று தன்னோடு தானே பின்னிக்கொள்கிறது. அமிலாய்டுதான் முதலில் வரும், டாவ் அதன் பின்னால் இழுபடுவது என்ற கருத்து பின்னாளில் ஓங்கியபோது, அதற்கு மறுசாட்சி குவாமில் ஏற்கெனவே இருந்தது. அமிலாய்டின் துணையின்றியே டாவ் ஓர் ஊரைச் சீரழிக்க முடியும். அதைத் தூண்டியது மரபணு மட்டும் அல்ல, அந்த ஊரின் வாழ்க்கையும்தான் என்பது என் கருத்து.

குடும்பம் குடும்பமாக வருகிறதே, பரம்பரை நோய்தானே என்று கேட்கலாம். தொடக்கத்தில் ஆய்வாளர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் முழுவதையும் விளக்கும் மரபணு எதுவும் அகப்படவில்லை. குவாமில் நெடுநாள் வாழ்ந்த பிலிப்பைன்ஸ் குடியேறிகள் சிலருக்கும் நோய் வந்தது. கலிபோர்னியாவுக்குப் போன சமோரோக்கள் சிலருக்கு, தீவை விட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் வந்தது. 1960-களுக்குப் பிறகு நோய் மளமளவென்று குறைந்தது. ஒரு தலைமுறைக்குள் மரபணு அப்படி மாறாது. மாறியது சோறும் தொழிலும்.

சந்தேகம் முதலில் விழுந்தது ஃபடாங் என்னும் சைகஸ் மரக்கொட்டையின் மீது. உள்ளே நஞ்சு இருப்பது தீவினருக்குத் தெரியும். பருப்பைச் சீவி, தண்ணீரை மாற்றி மாற்றி நாள்கணக்கில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மாவாக்கி ரொட்டி சுடுவார்கள். போர்க்காலப் பஞ்சத்தில் அதுவே பலருக்குக் கைகொடுத்தது. அதிலுள்ள பிஎம்ஏஏ என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்ததும் குரங்குகளின் நரம்பு பாதிக்கப்பட்டதாகப் பீட்டர் ஸ்பென்சர் 1987-ல் அறிவித்தார். கழுவிய மாவில் அது சொற்பமே, குரங்குக்குக் கொடுத்த அளவை மனிதர் தின்றுதீர்க்க முடியாது என்ற மறுப்பு எழுந்தது, நியாயமான மறுப்புதான். அந்தக் கொட்டையைத் தின்னும் பழந்தின்னி வௌவாலைத் தேங்காய்ப்பாலில் முழுதாக வேகவைத்துச் சாப்பிட்ட வழக்கத்தை 2002-ல் பால் காக்ஸும் ஆலிவர் சாக்ஸும் சுட்டினார்கள்: நஞ்சு வௌவாலின் உடலில் சேர்ந்து பெருகியிருக்கலாம். கவர்ச்சியான விளக்கம். எல்லாரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் அல்ல.

இதைவிடக் கனமான இன்னொரு மறுப்பு உண்டு. நோயே இல்லாத சமோரோக்களின் மூளையிலும் முடிச்சுகள் இருந்தன. அப்படியானால் டாவ் வெறும் தழும்புதானா? முடிச்சு இருப்பதாலேயே நோய் வந்துவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எவ்வளவு, மூளையின் எந்தப் பகுதியில், எவ்வளவு காலமாக என்பதையெல்லாம் சேர்த்தே பார்க்க வேண்டும். நீண்ட காலம் வெளியே தெரியாமல் வளரும் நோயில், நலமாக இருந்தவர் என்பது நோய்க்கு முந்திய கட்டத்தில் இருந்தவர் என்றும் பொருள்படலாம்.

2023-ல் வெளியான ஆய்வு இந்தப் பழைய வழக்கைப் புதிதாகத் திறந்தது. குவாமிலும், இதே நோய் கண்ட ஜப்பானின் கீ தீபகற்பத்திலும் இறந்தவர்களின் டாவ் இழைகளைக் குளிர்நிலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, தலையில் ஓயாமல் அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் உண்டாகும் அதே மடிப்பு தெரிந்தது. அல்சைமரின் மடிப்பு வேறு. உமாதக்கின் முதியவர்கள் யாரும் குத்துச்சண்டை மேடை ஏறியவர்கள் அல்லர். வெவ்வேறு காயங்கள் ஒரே வடிவத்தில் போய் முடியலாம் என்றால், வடிவத்தை மட்டும் பார்த்துக் காயத்தைச் சொல்லிவிட முடியாது. ஊருக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். குவாமில் கேட்க வேண்டிய தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அங்கே நோய் ஓய்ந்ததற்கு எந்த மருந்தும் காரணம் அல்ல.