கண்ணுக்குக் கணக்கு எழுதிய ராஜா

ஆட்சி பறிபோன ராஜாவுக்கு அரண்மனையில் என்ன வேலை இருக்கும்? 1799 அக்டோபரில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்த உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கைமாறியது. இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியவை கோட்டை, ஆண்டுக்கு 1 லட்சம் வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது அவருக்கு வயது 22. அந்த வருமானத்தைக் கொண்டு அவர் வளர்த்ததுதான் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையம்.

அறிவியல் ஆர்வத்துக்கு விதை இளமையிலேயே விழுந்திருந்தது. துளஜா மன்னர் 1787-ல் தத்தெடுத்த பிள்ளை அவர். மன்னர் மறைந்தபின் சிற்றப்பா அமர்சிங் அரியணை ஏற, சிறுவனின் பாதுகாப்பே கேள்விக்குறியானது. பாதிரியார் சுவார்ட்ஸ் முயன்று 1793-ல் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அங்கே கெரிக்கே என்ற பாதிரியார் பாடம் சொல்லிக்கொடுத்தார். இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரிக்கு மூலமான நில அளவைப் பள்ளியும் 1794-ல்தான் சென்னையில் தொடங்கியது. கம்பெனிக்கு நிலத்தை அளக்க அறிவியல் தேவைப்பட்டது. சரபோஜியின் மனம் நோயாளியின் பக்கம் போனது.

1806-ல் தஞ்சைக்கு வந்த பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் அரண்மனை நூலகத்தில் காற்று எக்கி, மின்பொறி, தந்தத்தில் செய்த எலும்புக்கூடு, வானியல் கருவிகள் எல்லாவற்றையும் பார்த்தார். இருபது ஆண்டு கழித்து வந்த பிஷப் ஹீபரோ, லவாசியேவையும் லின்னேயஸையும் சரளமாக மேற்கோள் காட்டிப் பேசும் மன்னரைக் கண்டு வியந்தார்.

அரிய பொருள்களைச் சேர்த்த அரசர்கள் பலர் உண்டு. சரபோஜியை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுபவை அவர் எழுதிவைக்கச் செய்த நோயாளிக் குறிப்புகள்.

தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் நான்கும் ஒரே இடத்தில் கைகோத்தன. கண்புரை அறுவைச் சிகிச்சையும் நடந்தது. யாருக்கு என்ன உபாதை, என்ன மருந்து, பார்வை எப்படி மாறியது என்று ஆள்வாரியாகப் பதிந்தார்கள். கண்ணின் நிலையை வண்ணப் படமாகவே தீட்டிச் சேர்த்தார்கள். ஒளிப்படம் புழக்கத்துக்கே வராத காலம் அது! நல்லதென்று தெரிந்த வைத்தியங்கள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று தமிழ்ப் பாட்டுகளாகவும் தொகுக்கப்பட்டன. கண் நோய்க்கு அதில் தனிப் பகுதியே உண்டு.

வைத்தியர் தம் கைமுறையைப் பிள்ளைக்கும் சீடனுக்கும் மட்டுமே சொல்லும் வழக்கம் ஊன்றியிருந்த நாட்டில் இது பெரிய காரியம். எழுதிவைத்த மருத்துவத்தை அடுத்தவர் சரிபார்க்கலாம், திருத்தலாம், மேலே கொண்டுபோகலாம். ஆராய்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தானே?

1832-ல் சரபோஜி மறைந்தார். அந்தக் கண் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் பிழைத்துக் கிடந்தன. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து, இந்தியக் கண் மருத்துவ இதழில் 2012-ல் கட்டுரை எழுதினார்கள்.

அடுத்த வாரம்: 1820-ல் பெரும் பரிவாரத்தோடு சரபோஜி புறப்பட்ட காசி யாத்திரை.