புத்தகம் வந்த வழி



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஓர் ஆளுமையின் சாதனைகளை வரிசைப்படுத்துவது வழக்கம். இந்த ஆண்டு நாம் வேறொன்றைப் பேச எண்ணினோம். ஒரு மனிதரை உருவாக்கிய புத்தகங்கள் எந்த வழியாக அவர் கைக்கு வந்தன, வந்தவற்றை அவர் என்ன செய்தார் என்பதே நம் பேச்சு. அந்த மனிதர் பாபாசாகேப் அம்பேத்கர்.

தமிழ்நாட்டின் ஊர்களில் அவர் நீலக் கோட்டு அணிந்து, ஒரு கையில் புத்தகத்தோடு நிற்கிறார். பல இடங்களில் அந்தச் சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு. சிலையைக் காப்பதற்குக் கூண்டு என்கிறார்கள். கூண்டுக்குள் அந்தப் புத்தகமும் சேர்ந்தே அடைபட்டிருக்கிறது. அவரைத் தலைவராக, சட்ட மேதையாக, போதிசத்துவராக வணங்கக் கற்றுக்கொண்ட நாம், வாசகராக அவரை எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

அடகுக் கடைக்குப் போன நகை

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நிறுத்தப்பட்ட மகார் சாதிக்குப் பட்டாளம்தான் எழுத்தைக் கொடுத்தது. அந்த எழுத்து அவர் வீட்டுக்குள் வந்து தங்கியது. ராம்ஜி கபீர் பந்தி. வீட்டில் கபீரும் மராத்தியப் பக்திக் கவிகளும் பாடப்பட்டனர். ராமாயணமும் மகாபாரதமும் வாசிக்கப்பட்டன.

பிற்காலத்தில் பம்பாய் பரேல் பகுதியில் ஒற்றை அறை. படிப்பதும் சமைப்பதும் உறங்குவதும் அங்கேதான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளிய ராம்ஜி, மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் காசில்லாதபோது மணமாகிப் போன மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தார் என்று தனஞ்சய் கீர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். பின்னாளில் ராஜகிருகம் என்ற வீட்டையே புத்தகங்களுக்காகக் கட்டிய மனிதரின் நூலகம், சகோதரிகளின் நகையிலிருந்து தொடங்கியது. அந்தப் பெண்கள் அப்புத்தகங்களைப் படித்திருக்க வாய்ப்பில்லை. நம் வீடுகளில் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கழற்றப்பட்ட கம்மல்களை நினைத்துக்கொண்டால் இந்த வரலாறு நமக்குத் தூரமாகத் தெரியாது.

தந்தையிடம் கேட்ட கேள்வி

‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு அம்பேத்கர் எழுதிய முன்னுரை ஒன்று உண்டு. 1957இல் வந்த முதல் பதிப்பில் அது இடம்பெறவில்லை. பின்னாளில் பகவான் தாஸ் போன்றோரின் முயற்சியால்தான் அது வாசகர்களிடம் வந்தது. பௌத்தத்தின்பால் தாம் எப்படி ஈர்க்கப்பட்டார் என்பதை அவரே சொல்லும் அரிய இடம் அது.

தேர்வில் வென்ற சிறுவனுக்குச் சேரி மக்கள் பாராட்டு விழா எடுக்க விரும்புகிறார்கள். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று ராம்ஜி மறுக்கிறார். மக்கள் அவருடைய நண்பரான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கரிடம் முறையிடுகிறார்கள். அவர் வந்து வாதாடி இசைய வைக்கிறார். விழாவின் முடிவில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவனுக்குப் பரிசளிக்கிறார். அது ஆங்கில நான்காம் வகுப்பு தேறியபோது நடந்தது என்று முன்னுரை சொல்கிறது. 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறியபோது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஆண்டு எதுவானாலும், அந்த விழாவைக் கேட்டு வாங்கியவர்கள் எழுதப்படிக்கத் தெரியாத சேரி மக்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. கேலுஸ்கர் கொடுத்தார், கொடுப்பதற்கான மேடையை மக்கள் உண்டாக்கினார்கள்.

புத்தகத்தைப் படித்த சிறுவன் தந்தையிடம் போய் நிற்கிறான். பிராமணர், சத்திரியரின் பெருமையையும் சூத்திரர், தீண்டத்தகாதோரின் இழிவையும் சொல்லும் இதிகாசங்களை எங்களை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள், பௌத்த நூல்களை ஏன் காட்டவில்லை என்று கேட்கிறான். ராம்ஜி முதலில் அதட்டிவிடுகிறார். சில நாள் கழித்துப் பதில் தருகிறார்: நாம் தீண்டத்தகாதவர்கள், உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது, துரோணரையும் கர்ணனையும் பாருங்கள், எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்தார்கள், வால்மீகியைப் பாருங்கள், அவர் ஒரு கோலி. மகனுக்கு இந்தப் பதில் போதவில்லை. பாரதத்தின் நாயகர்கள் எவரையும் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவன் சொல்லிவிடுகிறான்.

தோழர்களே, இந்த உரையாடலை நாம் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. ராம்ஜியை மரபுவாதி என்று ஒதுக்குவது எளிது. கிடைத்த நூல்களுக்குள்ளேயே தம் பிள்ளைகளுக்கான ஒரு கைப்பிடியைத் தேடிய தகப்பன் அவர். நம் பாட்டன்மார்களும் நந்தன் கதையையும் கர்ணன் கூத்தையும் அப்படித்தான் பற்றியிருந்தார்கள். கைப்பிடி போதாது, வேறு வீடு வேண்டும் என்று மகன் கேட்டான். அந்தக் கேள்வி எழுவதற்கு, இன்னொரு புத்தகம் அவன் கைக்கு வந்து ஒப்பிட்டுப் பார்க்க வைக்க வேண்டியிருந்தது.

மறுக்கப்பட்ட மொழி, மூழ்கிய பெட்டி

அம்பேத்கருக்குப் புத்தகங்கள் வந்த கதை, வராமல் போன கதையும்தான். பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவன் என்பதால் அனுமதி இல்லை. பாரசீகம் எடுக்க நேர்ந்தது. பின்னர் சொந்த முயற்சியில் சமஸ்கிருதம் கற்றார். ஆனாலும் 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலின் முன்னுரையில், அம்மொழியில் தமக்குப் புலமை உண்டென்று உரிமை கோர முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கூடவே, அந்த நூல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, பதினைந்து ஆண்டுகள் அவற்றைப் படித்த ஒருவருக்குப் பேசத் தகுதி உண்டு என்றும் வாதிடுகிறார். மொழிபெயர்ப்பில் படித்தேன் என்று சொல்ல அவர் கூசவில்லை. மூலமொழி தெரியாதவன் பேசாதே என்ற அதட்டலை இன்றும் கேட்கும் நம் மாணவர்களுக்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். நியூயார்க்கில் வயிற்றைக் கட்டிச் சுமார் 2,000 பழைய புத்தகங்கள் வாங்கியதாகக் கீர் எழுதுகிறார். ஊருக்கு அனுப்பும் பொறுப்பை ஒரு நண்பரிடம் விட்டதில் பல வந்து சேரவில்லை. முதல் உலகப் போர் நடந்த 1917இல் லண்டனிலிருந்து திரும்பியபோது, வேறு கப்பலில் அனுப்பிய அவரது உடைமைகள் அந்தக் கப்பலோடு மூழ்கின. காப்பீடாகக் கிடைத்த 600 ரூபாய், வேலையில் சேரப் பரோடா போகும் செலவுக்கு உதவியது. பரோடாவில் என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அங்கே அவர் எத்தனை பட்டங்களோடு போனார் என்பது பொருட்டாகவே இல்லை.

நூல்கள் கடலில் போயின. அவற்றிலிருந்து கற்ற கேள்வி கேட்கும் முறை அவரிடமே இருந்தது. 1916 மே மாதம் கொலம்பியாவில் அவர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அதைப் பார்க்கலாம். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரை ஒவ்வொருவராக எடுத்து, எங்கே போதாமை என்று காட்டுகிறார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் தார்தின் ‘பார்த்துச் செய்தல்’ கோட்பாட்டை எடுத்து, மேல்சாதி மூடிய கதவைக் கீழ்ச்சாதிகள் எப்படிப் பார்த்து மூடிக்கொண்டன என்று விளக்குகிறார். அப்போது அவருக்கு வயது 25.

எரித்த நூலும் பேசாத உரையும்

புத்தகத்தை இவ்வளவு நேசித்தவர் 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் ஒரு புத்தகத்தை எரிக்கத் தலைமை தாங்கினார். மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிராமணராகப் பிறந்த சகஸ்ரபுத்தே. இது அறிவுக்கு எதிரான செயல் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மனுவை வரிவரியாகப் படித்தவர் அம்பேத்கர். அவரது பிற்கால நூல்கள் பலவற்றில் மனு மேற்கோளாக வந்துகொண்டே இருக்கிறார். குளத்தில் தண்ணீர் அள்ளிய கையை அடித்து உடைக்கும் அதிகாரம் அந்த நூலிலிருந்து வந்தது. அந்த அதிகாரத்தைத்தான் மகத்தில் எரித்தார்கள். வாசிப்பதற்கான சான்றாக மனு அவரது அலமாரியில் இருந்தார்.

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தலைமையுரைக்கு அவரை அழைத்தது. உரையை முன்கூட்டிப் படித்தவர்கள் வேதங்களைப் பற்றியும் இந்து மதத்தைவிட்டு வெளியேறுவது பற்றியும் சொன்னவற்றை நீக்கக் கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடு நின்றது. அவர் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். சொற்பொழிவாக நிகழாமல் புத்தகமாகப் பிறந்த அந்த உரைதான் ‘சாதி ஒழிப்பு’. பெரியாரின் இயக்கம் 1930களிலேயே அதைத் தமிழில் கொண்டுவந்தது. மேடை மறுக்கப்பட்டால் அச்சு உண்டு என்ற பாடத்தை நாம் அங்கிருந்து பெறுகிறோம். உங்கள் கையிலுள்ள இந்தச் சிறு வெளியீடும் அந்த வழியில் வந்ததே.

அந்த உரையில் தம் ஆசிரியர் ஜான் டூயியை நன்றியோடு நினைவுகூர்கிறார். ஒவ்வொரு சமூகமும் கடந்த காலத்தின் பயனற்ற சுமைகளையும் சேர்த்தே சுமக்கிறது. எல்லாவற்றையும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றத் தேவையில்லை, மேலான எதிர்காலத்துக்கு உதவுவதை மட்டும் கைமாற்றினால் போதும் என்பது டூயியின் கருத்து. பரேல் அறையில் சிறுவன் தந்தையிடம் கேட்ட கேள்வியும் இதுதான். எதைப் பிள்ளைக்குக் கொடுப்பது? அவன் தனியாகக் கேட்டதற்கு ஒரு தத்துவமொழி அமெரிக்காவில் கிடைத்தது.

சென்னையிலிருந்து போன புத்தகம்

கேலுஸ்கரின் பரிசோடு இணைத்துச் சொல்லப்படும் அதே 1907இல் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. அயோத்திதாசப் பண்டிதர் ஜூன் மாதத்தில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். பேராசிரியர் லட்சுமி நரசு ‘பௌத்தத்தின் சாரம்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். இருவரும் சென்னைப் பௌத்த இயக்கத்தில் செயல்பட்டவர்கள். பௌத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் அவர்களிடையே வேறுபாடுகளும் இருந்தன. பண்டிதர் தமிழ் இலக்கியத்துக்குள் பூர்வபௌத்தத்தைத் தேடினார். தம் பாட்டனார் கந்தப்பன் வீட்டிலிருந்த குறள் ஏட்டுச்சுவடி துரைமார் வழியாக எல்லீசுக்குப் போனதை அவர் எழுதிவைத்தார். நரசு அறிவியல் ஆசிரியர். பகுத்தறிவின் மொழியில் புத்தரைப் பேசினார்.

நரசு மறைந்த பின் 1948இல் அந்நூலின் மூன்றாம் பதிப்பு பம்பாயில் வெளிவந்தது. முன்னுரை அம்பேத்கருடையது. பௌத்தம் குறித்து நல்ல நூல் ஒன்றைச் சொல்லும்படி கேட்போருக்குத் தாம் இதையே பரிந்துரைப்பதாக எழுதினார். அதே ஆண்டு வந்த ‘தீண்டத்தகாதார்’ நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஆக, 1956 அக்டோபரில் நாக்பூரில் நடந்த மதமாற்றத்துக்குப் பின்னால் இருந்த புத்தக அடுக்கில் சென்னையின் பங்கும் உண்டு. பண்டிதரின் எழுத்துகளோ 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுக்கும்வரை பெரும்பாலும் நம் கைக்கே வராமல் கிடந்தன. நம் புத்தகம் நமக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்தின் இழப்பை நாம் இன்னும் கணக்கிடவில்லை.

கடைசி இரவு

1956 டிசம்பர் 5 இரவு, டெல்லி அலிப்பூர் சாலை வீட்டில் நடந்ததை அவருடைய செயலாளர் நானக் சந்த் ரத்து பதிவு செய்திருக்கிறார். அன்றிரவு புத்த வந்தனையையும், பின் கபீரின் ஒரு பாடலையும் அவர் மெல்ல இசைத்தார். நூலடுக்குகளிலிருந்து சில புத்தகங்களை எடுத்துக்கொண்டார். தம் புத்தர் நூலின் முன்னுரையைப் பார்ப்பதற்காக மேசைமேல் வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அவர் இல்லை. தந்தையின் வீட்டில் கேட்ட கபீரும், தந்தையிடம் கேட்ட கேள்வியைச் சொல்லும் அந்த முன்னுரையும் கடைசி இரவில் ஒரே அறையில் இருந்தன. தந்தையின் பதிலை ஏற்காத மகன், தந்தையின் பாடலைக் கைவிடவில்லை.

தோழர்களே, இந்த வரலாற்றில் எந்தப் புத்தகமும் தானாக வரவில்லை. சகோதரியின் நகையாக, சேரி மக்களின் பிடிவாதமாக, ஆசிரியரின் பரிசாக, மொழிபெயர்ப்பாக அது வந்தது. ஆகவே அம்பேத்கரைப் போல் படியுங்கள் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லி நாம் விலகிவிட முடியாது. ஒவ்வொரு சேரியிலும் ஒரு கேலுஸ்கருக்கான மேடையை உண்டாக்குவது நம் வேலை. தேர்வில் வென்ற பிள்ளைக்குச் சால்வையோடு ஒரு புத்தகம் கொடுப்போம். அதைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளை நம்மிடமே வந்து, இதை ஏன் எங்களுக்கு முன்பே காட்டவில்லை என்று கேட்கும் நாளில் அதட்டாமல் இருப்போம்.

கூண்டின் சாவி யாரிடம் இருந்தாலும், புத்தகம் நம் கையில் இருக்கட்டும்.

ஜெய் பீம்.