தவிட்டோடு போன உயிர்ச்சத்து



தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் உணவுச் சத்துகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து நின்றான். "சார், எங்க பாட்டி புழுங்கல் அரிசிதான் வேணும்கிறாங்க. அது ஒரு மாதிரி வாடை அடிக்குது. பச்சரிசி வெள்ளையா, சுத்தமா இருக்கே! அது ஏன் சார் ஆகாது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், இதே கேள்வியை இந்த மலாயா மண்ணில் பெரிய பெரிய மருத்துவர்கள் கேட்டார்கள். அதற்கு விடை கிடைப்பதற்குள் எத்தனையோ பேர் மாண்டு போனார்கள். அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழ்த்திசை நாடுகளை ஒரு நோய் ஆட்டிப் படைத்தது. அதன் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் உடம்பெல்லாம் ஏறி, மூச்சு வாங்கும். நேற்றுவரை மண் வெட்டிய ஆள் திடீரென்று மாரடைத்து விழுவான். ஈயச் சுரங்கங்களில் பாடுபட்ட சீனத் தொழிலாளர்களை இந்த நோய் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போயிற்று. சிறைச்சாலைகளிலும் இதே கதைதான். காற்றில் வரும் விஷம் என்றார்கள் சிலர். ஒட்டிக்கொள்ளும் கிருமி என்றார்கள் வேறு சிலர். கிருமிகளைப் பற்றிய கண்டுபிடிப்புகள் புதிதாக வந்துகொண்டிருந்த காலம் அது. எந்த நோயைக் கண்டாலும் கிருமியைத் தேடினார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் ஒன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் சீனர்களைப் பிடிக்கும் பெரிபெரி தமிழர்களை அவ்வளவாக அண்டவில்லை. கம்பத்தில் தங்கள் நெல்லைத் தாங்களே குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரர்களையும் அண்டவில்லை. என்ன வேறுபாடு? சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. 1907-இல் அவர் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். ஆனால் பழைய பச்சரிசியில் பூஞ்சணம் பிடித்து விஷம் உண்டாகிறது என்பது அவர் கருத்து. அரிசியைச் சரியாகப் பிடித்தவர் காரணத்தைத் தவறவிட்டார்.

ஏறக்குறைய இதே காலத்தில் ஜாவாவிலும் இந்த நோயை ஆராய்ந்தார்கள். அங்கே பத்தாவியா நகரில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் ஆராய்ச்சிக்காகக் கோழி வளர்த்தார். திடீரென்று கோழிகளுக்குக் கால் விழுந்துவிட்டது. சில மாதங்களில் தானாகவே சரியாகிவிட்டது. விசாரித்தால், இராணுவ மருத்துவமனைச் சமையல்காரர் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார். அவருக்குப் பின் வந்தவரோ, "இராணுவத்துச் சோறு ஊர்க் கோழிக்கா?" என்று நிறுத்திவிட்டார். அந்தச் சமையல்காரரின் கஞ்சத்தனத்துக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது! ஐக்மானுக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901-இல், "சோற்றில் விஷம் எதுவும் இல்லை, இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை" என்று எழுதினார். இருப்பதைத் தேடுவது எளிது. இல்லாததை எப்படித் தேடுவது?

இனிக் கோலாலம்பூருக்கு வருவோம். 1905-இல் இங்கிருந்த மனநோயாளர் விடுதியில் பெரிபெரி பரவியது. டிசம்பர் மாதத்தில் மருத்துவர் பிளெட்சர், நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. கறி, மீன், காய் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. கட்டடத்தின் மேல் பழி விழக்கூடாது என்று பாதி ஆண்டில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். 1906 முடியும்போது கணக்குப் பார்த்தார்கள். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்தக் கணக்கை மருத்துவ உலகம் இன்றும் மதிக்கிறது. நமக்கோ அந்த 18 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். சித்தம் கலங்கியவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எந்தத் தட்டில் உயிர் இருக்கிறது என்பதை வரிசையில் நின்ற இடம் முடிவு செய்தது.

அடுத்துக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் திப்புஸ் என்ற இடத்துக்குப் போனார்கள். காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளையரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார்கள். மூன்று மாத அளவில் வெள்ளையரிசிக்காரர்களிடம் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் பக்கம் மாறியது. ஐயம் தீர்ந்தது. 1909-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆலை தீட்டித் தள்ளிய தவிட்டில்தான் சங்கதி இருக்கிறது என்றும் கண்டுகொண்டார்கள்.

சரி, தவிட்டில் அப்படி என்ன இருக்கிறது? சோறு என்பது பெரும்பாலும் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. வாயும் குடலும் அந்தச் சங்கிலியை அறுக்க, குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் உயிரணுக்கள் அதை உடைத்துப் பைருவிக் அமிலம் ஆக்குகின்றன. அதையும் எரித்தால்தான் முழுச் சக்தியும் கிடைக்கும். அந்த இடத்தில் வேலை செய்யும் நொதிக்கு ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள்தான் தயாமின், அதாவது பி1 உயிர்ச்சத்து. அது இல்லாவிட்டால் வயிறு நிறைந்திருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும். ஓயாமல் உழைக்கும் இதயமும், குளுக்கோஸையே நம்பியிருக்கும் நரம்பும் முதலில் அடிபடும். கால் மரத்ததற்கும் மாரடைத்ததற்கும் காரணம் இதுவே.

பால் ஸ்டோரில் தொட்டி நிறைந்த கித்தாப் பாலை உறைய வைக்க எவ்வளவு அமிலம் ஊற்றுகிறார்கள்? பாலின் அளவோடு பார்த்தால் மிகக் கொஞ்சம்தான். தயாமின் அதைவிடக் கொஞ்சம். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்தால்கூட அரைக் கிராம் வராது. அதனால்தான் அது இத்தனை காலம் கண்ணில் படவில்லை. 1912-இல் பங்க் என்ற போலந்து நாட்டு அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். 1926-இல் பத்தாவியாவில் யான்சென், டோனாத் இருவரும் மூட்டை மூட்டையாகத் தவிட்டை அலசிச் சிட்டிகை அளவுகூட வராத படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஒரு கந்தக அணு இருப்பதை மட்டும் கவனிக்கத் தவறினார்கள். கரி 12, ஹைட்ரஜன் 17, நைட்டிரஜன் 4, பிராணவாயு 1, கந்தகம் 1 என்பது அதன் அணுக் கணக்கு. இவை எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று கண்டு, 1936-இல் அதைச் செயற்கையாகவே செய்து காட்டியவர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது நம் பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

புழுங்கல் அரிசியின் இரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா? தயாமின் நீரில் கரையக்கூடியது. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது, அது உமியை ஒட்டிய தவிட்டிலிருந்தும் முளைக்கருவிலிருந்தும் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும். நம் முன்னோர் இதை அறிந்து செய்தார்கள் என்று சொல்ல மாட்டோம். அரிசி நொறுங்காது, பூச்சி அரிக்காது என்பதற்காகச் செய்தார்கள். அது உயிரையும் காத்தது.

அந்தக் காப்பும் ஒரு காலத்தில் போயிற்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் ரங்கூன் அரிசி வருவது நின்று, லயங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறானது. கிழங்கில் மாவுச்சத்து நிறைய உண்டு; தயாமின் மிகக் குறைவு. பெரிபெரி திரும்பி வந்தது. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் மக்களை மலேரியா, காலரா, வயிற்றுக்கடுப்போடு அதுவும் வாட்டியது. "கால் வீங்கிப் போச்சு" என்று பெரியவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி, அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் இந்தச் சத்து நீரோடு போய்விடும் என்றும் சொல்லி முடித்தோம். மறுநாள் அதே பையன் வந்தான். "பாட்டிகிட்ட சொன்னேன் சார். கழுநீரையும் தவிட்டையும் நாங்க கொட்டுறதில்லையாம். கோழிக்குத்தான் வைக்கிறாங்களாம்" என்றான்.

"கோழி எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

"விரட்டிப் பிடிக்க முடியல சார்!"