பதிமூன்று புள்ளிக் கணக்கு

பல்கலைக்கழகங்கள் இருபது, முப்பது வருசத்துக்குத் தொலைநோக்குத் திட்டம் போடுகின்றன. துணைவேந்தர் படத்தோடு வழவழப்பான தாளில் வெளியிடுகிறார்கள். ‘சமூகநீதி’ என்ற சொல்லும் தவறாமல் இருக்கும். ஆனால், அந்த முப்பது வருசமும் வகுப்பில் நின்று பாடம் நடத்தப்போவது யார் என்று தீர்மானிக்கிற திட்டம் வேறே. அது அலுவலக அலமாரியில் கிடக்கிற ரோஸ்டர் பதிவேடு.

2006இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு நெறிமுறை தந்தது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக எண்ணி, 200 புள்ளி ரோஸ்டர் போடவேண்டும். 200 பணியிடத்தில் எஸ்.சி.க்கு 30, எஸ்.டி.க்கு 15, ஓ.பி.சி.க்கு 54. 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம், துறையைத்தான் அலகாகக் கொள்ளவேண்டும் என்றது. 2018 மார்ச் 5இல் மானியக் குழு அதை ஆணையாக்கியது. சின்னத் துறைகளுக்குப் 13 புள்ளி ரோஸ்டர். நான்காவது நியமனம் ஓ.பி.சி., ஏழாவது எஸ்.சி., பதினான்காவது எஸ்.டி.

சதவீதத்தில் யாரும் கைவைக்கவில்லை. 15 அப்படியே 15தான். எண்ணுகிற இடத்தை மட்டும் மாத்திட்டாங்க.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். ஆனாலும் இது விரல் மடக்கி எண்ணுகிற கணக்குத்தான். ஒரு துறையில் உதவிப் பேராசிரியர் இடம் நாலு என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயசில் சேர்ந்து, இடையில் விலகாமல், 65இல் ஓய்வு பெறுகிறார்கள். முதல் நாலில் நமக்கு இடமில்லை. ஏழாவது புள்ளி வர 35 வருசம். பழங்குடிப் பிள்ளைக்குரிய பதினான்காவது புள்ளி நாலாவது தலைமுறையில் வரும், அதாவது 105 வருசம் கழித்து. ஒற்றைப் பேராசிரியர் பதவிக்கோ இடஒதுக்கீடே கிடையாது. இதைவிட நீண்டகாலத் திட்டம் எங்கே இருக்கு?

பழங்குடியினர் பெயராலேயே நடக்கிற அமர்கண்டக் பல்கலைக்கழகம் அந்த ஆணைக்குப் பிறகு 52 இடங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. அதில் எஸ்.சி.க்கும் எஸ்.டி.க்கும் ஒண்ணுகூட இல்லை.

2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மத்திய அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. மார்ச் 5இல் பாரத் பந்த். மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் அவசரச் சட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஜூலையில் அது சட்டமானது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் மறுபடி நிறுவனமே அலகு. நீதிமன்றத்தில் தோற்றதைத் தெருவில் மீட்டோம்.

ஆனாலும் வேலை முடியவில்லை. ‘உன்னத நிறுவனங்கள்’ என்று சிலவற்றை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் நேர்காணல் முடிந்ததும் ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று எழுதி, நம் இடத்தைக் காலியாகவே போட்டுவைக்க வழி இருக்கிறது.

ஆகவே தோழர்களே, தொலைநோக்குத் திட்டத்தைப் படித்துக் கைதட்டுவதற்கு முன்னால், தகவல் உரிமைச் சட்டத்தில் ரோஸ்டர் பதிவேட்டைக் கேளுங்கள். எந்தப் புள்ளி யாருக்கு, அதில் எது எத்தனை வருசமாகக் காலி என்று நாமே எண்ணுவோம். எண்ணுகிற வேலையை அவங்ககிட்ட விட்டதுபோதும்.