கமத்தில் இருந்து பயின்றவர்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மலைநாட்டில் ஊற்றெடுத்து, பாதி நாட்டைச் சுற்றி வரும் மகாவலி கங்கை கடலொடு கலப்பது இக்குடாவிலேதான். குடாவின் தென்கரையில் மூதூர்; அங்கிருந்து சம்பூர் செல்லும் வழியில் கட்டைபறிச்சான். காடு வெட்டி, அடிக்கட்டைகளைப் பறித்தெறிந்து, நிலத்தை வயலாக்கிய ஒரு தலைமுறையின் உழைப்பு அப்பெயரில் ஒலிக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

இந்நாளில் உலகின் பல பாகங்களிலும் இளைஞர் சிலர் ஒரு போகமோ ஓராண்டோ இயற்கைப் பண்ணைகளில் தங்குகின்றனர். எரு மக்க வைக்கவும் விதை காக்கவும் நீர் கட்டவும் பழகுகின்றனர். பழகியதைப் பின்னர் பள்ளிச் சிறுவர்க்கும் ஊரவர்க்கும் எடுத்துச் சொல்கின்றனர். சுற்றாடற் கல்வி என்னும் புதுப் பெயரோடு வழங்கும் இம்முறை ஏதோ நேற்று முளைத்ததென்று பலர் எண்ணுவர். ஆனால் அந்நியன் ஒருவன் கமக்காரரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவர்தம் தொழிலைக் கற்று, அதனை உலகுக்கு எழுதிக்காட்டிய வரலாறு ஒன்று முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இக்கொட்டியாரக் கரையில் தொடங்கியிருக்கிறது. தொடங்கிய விதம் மட்டுமே வேறு. அந்தப் பயிலுநர் விரும்பி வந்தவர் அல்லர், பிடிபட்டு வந்தவர்.

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மசூலிப்பட்டினத்தில் நின்ற ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்தது. புது மரம் வெட்டிப் பொருத்தவும் ஓரளவு வாணிகம் செய்யவும் அக்கப்பல் கொட்டியாரத்துக்கு வந்து நங்கூரமிட்டது. அப்பொழுது கண்டியில் ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், கரையில் ஒரு புளியமரத்தின் கீழ் இருந்த கப்பற்றலைவரை அரசனின் ஆட்கள் பிடித்தனர். அவரோடு சிறைப்பட்டவர்களுள் அவருடைய மகனும் ஒருவர். தந்தை பெயரும் றொபேட் நொக்ஸ்; மகன் பெயரும் அதுவே. மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது. மூதூரில் அம்மரம் நின்ற இடத்தை வெள்ளைக்காரன் மரத்தடி என்று பின்னாளில் குறித்து வைத்தார்கள்.

கைதிகளை மலைநாட்டுக்குக் கொண்டு சென்ற அரசன் அவர்களைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டு, ஊரவரே அவர்களுக்கு உணவளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் ஒருங்கே விடப்பட்டனர். அங்கே காய்ச்சல் கண்டு 1661ஆம் ஆண்டு பெப்புருவரியில் தந்தை இறந்தார். மொழி தெரியாத நாட்டில் இருபது வயது இளைஞர் தனித்து நின்றார். பிழைக்க வேண்டுமானால் ஊரார் செய்யும் தொழிலைச் செய்தாக வேண்டும்.

அவர் தொப்பி பின்னி விற்றார். கோழியும் பன்றியும் ஆடும் வளர்த்தார். நெல்லைச் சேர்த்து வட்டிக்குக் கொடுத்தார். நூற்றுக்கு ஐம்பது வட்டி! ஊரவர் கொடுத்த சோற்றில் பிழைத்தவர் ஊரவருக்கே கடன் கொடுப்பவரானார் என்பதனையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவரும் அதனை மறைக்கவில்லை. பின்னர் எலதத்தை என்னும் ஊரில் இருபத்தைந்து லாரின் விலைக்கு ஒரு நிலம் வாங்கினார். அந்நாட்டுக் கணக்கில் அது பெருந்தொகை. அந்நிலத்தில் வீடு கட்டித் தென்னை நட்டார். தப்பி ஓடும் எண்ணத்தை ஒருநாளும் கைவிடாத மனிதர், காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும் தென்னையை நட்டார் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

1679ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீபன் ரட்லண்ட் என்னும் தோழரோடு, சில்லறைப் பொருள் விற்கும் வியாபாரி போல வடக்கே நடந்து, அநுராதபுரத்தைக் கடந்து, ஆற்றங்கரைக் காட்டு வழியாக அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை நொக்ஸ் அடைந்தார். சிறைப்பட்டு அப்போது பத்தொன்பதரை ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. விஞ்ஞானி றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை வழங்கினார். ஒல்லாந்தம், யேர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் அந்நூல் விரைவில் பெயர்க்கப்பட்டது.

அந்நூலை அரசியல் வரலாற்றுக்காகப் படிப்போர் பலர். வேளாண்மைக்காகப் படிப்போர் சிலரே. ஆயினும் அதில் உயிர்த்துடிப்புள்ள பகுதி நெல்லைப் பற்றியதே. ஏழு மாதத்தில் விளையும் நெல், ஆறு மாதத்து நெல், ஐந்து மாதத்து நெல், நான்கு மாதத்து நெல், மூன்று மாதத்து நெல் என ஐவகையை அவர் பெயர் சொல்லி எழுதுகிறார். ஏழு மாதத்து நெல்லை மாவீ என்றனர். சுவையில் இவற்றிடையே வேறுபாடு இல்லை. விரைவில் விளைவது குறைவாகவே தரும். அவ்வாறாயின் குறைவாகத் தரும் நெல்லை ஒருவர் ஏன் விதைக்க வேண்டும்? தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று பார்த்து, அதற்கேற்ற நெல்லைத் தெரிந்தெடுத்தனர் என்பதே அதற்கு விடை. நிலைத்த நீரின்றியே விளையும் வேறொரு நெல்லும் உண்டென அவர் குறிக்கிறார்.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. ஒரு வெளியில் பலருடைய வயல்கள் அடுத்தடுத்துக் கிடக்கும். இடையே வேலி இராது. ஒருவர் முன்னே விதைப்பார், ஒருவர் பின்னே விதைப்பார். ஆனால் எல்லார் பயிரும் ஒரே காலத்தில் முற்றியாக வேண்டும். ஏனெனில் அறுவடை முடிந்ததும் வெளி முழுவதும் மாடுகளுக்குத் திறந்துவிடப்படும். ஆகவே பிந்தி விதைப்பவர் விரைந்து விளையும் நெல்லையே இடுவார். நெல் வகையின் கணக்கும் தண்ணீரின் கணக்கும் அயலவரின் கணக்கும் ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. அரிதாளை மேய்ந்த மாடுகள் இட்ட சாணமோ கூலியின்றி வயலுக்குக் கிடைத்த எருவாயிற்று. எந்தப் பசளை எத்தனை அந்தர் என்று கேட்கும் இன்றைய கணக்குக்கு முற்றிலும் வேறான கணக்கு இது. வயலில் ஒருநாள் நின்று பார்ப்பவருக்கு இது புலப்படாது. விதைப்பு முதல் சூடு மிதிப்பு வரையில், ஒரு போகம் அன்று, பல போகங்கள் உடனிருந்தவருக்கே புலப்படும்.

மனிதனின் முழங்கை போல வளைந்த சிறு கலப்பை, முளை கட்டி விதைத்தல், சேற்றைப் பலகையால் மட்டப்படுத்துதல், அறுவடைக்கு அயலவர் எல்லாரும் வந்து கைகொடுத்தல், வந்தவர்க்கு வயலுக்குரியவர் உணவளித்தல் ஆகிய யாவும் அந்நூலில் உண்டு. களை பறிப்பதும், பயிர் நெருங்கிய இடத்தில் பிடுங்கி ஐதான இடத்தில் நடுவதும் பெண்களின் பணி என்கிறார். ஊற்றுநீர் இல்லாத வடபுலத்தில் பிறைவடிவில் அணை கட்டி மழைநீரைத் தேக்கும் குளங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் கற்றது சிங்களக் கமக்காரரிடம். எனினும் அவர் சொல்லும் ஒழுங்கைக் கேட்கும் மூதூர்க் கமக்காரர் எவரும் அதனை அந்நியமாக எண்ணார். கிழக்கிலங்கையில் வயல்வெளியை வட்டை என்பர். வட்டைக்கு ஒரு வட்டவிதானை. கமக்காரர் கூடி விதைப்புக்கு நாள் குறிப்பர். அந்நாளுக்குப் பின் மாடு வயலில் இறங்கலாகாது. களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்று சொல்லும் வழக்கும் இங்குண்டு; களத்துக்கென்று தனிச்சொல் வைத்துப் பேசும் வழக்கம் சிங்களக் கமங்களிலும் உண்டு.

நொக்ஸின் காலத்துக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், ஓர் ஆங்கிலேயர் இதே வகைக் கல்வியைத் தாமாக விரும்பி மேற்கொண்டார். அவர் அல்பேட் ஹவார்ட். 1905ஆம் ஆண்டில் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்தவர். இந்தியக் குடியானவருக்கு விஞ்ஞானம் கற்பிப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நடந்ததோ மறுதலை. மருந்து எதுவும் தெளிக்காமலே அயற்கிராமத்துப் பயிர்கள் நோயின்றி நிற்பதைக் கண்ட அவர், அக்குடியானவரையும் பயிர்ப்பூச்சிகளையுமே தம் ஆசிரியராகக் கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். 1924 முதல் 1931 வரை இந்தோரில் முந்நூறு ஏக்கர் நிலத்தில் அவர் நடத்திய நிலையத்தில், பயிர்க்கழிவும் சாணமும் சாம்பலும் மண்ணும் அடுக்கிக் காற்றும் ஈரமும் அளவோடு காத்து எருவாக்கும் முறை உருப்பெற்றது. யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931ஆம் ஆண்டில் அதனை அவர் நூலாக்கினார். காந்தியடிகள் 1935ஆம் ஆண்டில் அந்நிலையத்துக்குச் சென்று அம்முறையைக் கண்டார். ஓய்வுபெற்ற பின்னரும் ஹவார்ட், 1937-38ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப்பார்த்தார். இன்று சேதன வேளாண்மை என்று உலகெங்கும் பேசப்படும் இயக்கத்தின் மூலநூல்களுள் ஒன்று 1940ஆம் ஆண்டில் அவர் எழுதியது. அதன் வேர் பீகார்க் குடியானவரின் வயலில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வாரின் வாழ்வும் இவ்வழிப்பட்டதே. வேளாண்மைப் பட்டம் பெற்று 1963ஆம் ஆண்டில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் உத்தியோகம் ஏற்ற அவர், மானாவாரி உழவனுக்குப் பண்ணை ஆராய்ச்சி பயன்படவில்லை என்று கண்டு அதனை விட்டு வெளியேறினார். ஊர் ஊராக நடந்து உழவரிடம் கற்றார். 2013ஆம் ஆண்டு அவர் மறையும்போது, கரூர் மாவட்டத்துக் கடவூரில் அவர் நிறுவிய வானகம் என்னும் பண்ணையில் இளைஞர்கள் தங்கிப் பயின்றுகொண்டிருந்தனர். வறண்ட மேட்டுநிலத்தை அவர்கள் தம் கையாலேயே பசுமையாக்கிக் கற்றனர்.

இனி மீண்டும் கொட்டியாரக் கரைக்கு வருவோம். இங்கே அத்தகைய பண்ணை தனியாகத் தேவைப்படவில்லை, வட்டையே பள்ளிக்கூடமாயிருந்தது. வரம்பில் நடந்து சென்ற பிள்ளை, தகப்பன் கைநீட்டிக் காட்டிய மடையிலிருந்து பாடம் கற்றது. அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி தளர்ந்தது நன்மையின் பெயராலேயே. 1950களின் இறுதியில் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்னும் கலப்பின நெல் வந்தது. 1962ஆம் ஆண்டு முதல் பசளைக்கு அரசு மானியம் கொடுத்தது. பெருகிவந்த சனத்தொகைக்குச் சோறு போட்ட நெல் அது; அதனைப் பழிப்பது நன்றியன்று. ஆயினும் பை திறந்து வீசும் பசளைக்கு ஐவகை நெல்லின் கணக்குத் தேவைப்படவில்லை. பச்சைப்பெருமாளும் சீனட்டியும் வயலைவிட்டு ஒதுங்கின. அவற்றை அறிந்தவர்கள் முதுமை எய்தினர். கேட்பாரின்றி அவர்களோடு அவ்வறிவும் ஒடுங்கியது.

சங்கிலியை வெட்டியது போர். 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. பின்னர் அவர்களுட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் வாழ்ந்தனர். கட்டைபறிச்சானில் அமைந்த முகாமும் அவற்றுள் ஒன்று. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே அவர்களுக்குத் தம் நிலம் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தது. பத்தாண்டு என்பது சிறு காலமன்று. பத்து வயதில் வரம்பைவிட்டு நீங்கிய சிறுவன் இருபது வயது இளைஞனாய்த் திரும்புகிறான். நிவாரண அரிசியை வரிசையில் நின்று வாங்கிய கைக்கு முளை கட்டும் பக்குவம் எங்ஙனம் தெரியும்? நிலத்தை அளந்து உறுதியோடு கொடுத்துவிடலாம். தகப்பனோடு வயலில் நிற்காத பத்துப் பெரும்போகங்களை எந்தக் கந்தோரும் திருப்பித் தர இயலாது.

இந்நிலையிலேதான் 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வருவது நிறுத்தப்பட்டது. இலங்கை முழுவதும் ஒரே வீச்சில் சேதன வேளாண்மைக்கு மாற வேண்டும் என்பது அரசின் எண்ணம். எண்ணத்தின் நன்மை தீமை ஒருபுறமிருக்க, மக்கிய எரு போதுமான அளவு எங்கும் இருக்கவில்லை. பசளைக்குப் பழகிய நெல் அஃதின்றி வெளிறியது. இரண்டு தலைமுறையாய்க் கைவிட்ட ஒரு கல்வியை ஓர் அறிவித்தல் வயலுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று நம்பப்பட்டது. நொக்ஸ் அதனைக் கற்கப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். ஹவார்ட் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தார். கமக்காரருக்குக் கொடுக்கப்பட்டதோ ஒரு போகத்தின் அவகாசம். 2021-22ஆம் ஆண்டுப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் நாடெங்கும் கடுமையாக வீழ்ந்தது. அரிசியை இறக்குமதி செய்யவும் கமக்காரருக்கு நட்டஈடு அறிவிக்கவும் நேர்ந்தது.

தடை நீக்கப்படும் என்ற அறிவிப்பு அவ்வாண்டு நவம்பர் 24ஆந் திகதி வந்தது. மே 6 முதல் எண்ணினால் ஆறரை மாதம். நொக்ஸ் எழுதிவைத்த மாவீ நெல், விதைத்து அறுப்பதற்கு இன்னும் இரண்டு கிழமை வேண்டும்.