யாவோய்: மலை இல்லாத கதை

ஆண்கள் இருவரின் காதலைச் சொல்லும் ஜப்பானிய மங்காவைக் குறிக்கும் ‘யாவோய்’ மூன்று தொடர்களின் முதலசைக் கோவை: யாமா நாஷி, ஓச்சி நாஷி, இமி நாஷி. உச்சம் இல்லை, முத்தாய்ப்பு இல்லை, பொருள் இல்லை. 1970களின் இறுதியில் சொந்தமாக இதழ் அச்சிட்ட பெண் படைப்பாளிகள் தம்மையே கிண்டலடித்துக்கொண்ட சொல். வசையாகக் கொள்வது பிழை. ‘யாமா’ மலை. ‘ஓச்சி’ விழுதல், ரகுகோ என்னும் ஜப்பானியக் கதைசொல்லும் கலையில் கதைசொல்லிகள் சிரிக்கவைத்து முடிக்கும் இடத்துக்கும் அதுவே பெயர்.

அப்படியானால் நகைச்சுவை மாயக்கதைக்கு இப்பெயர் பொருந்தாதே என்பார்கள். பாதி நியாயம். யூ டொயோட்டாவின் ‘செர்ரி மேஜிக்’கில், முப்பது வயதானதும் தொட்டவர் மனத்தை அறியும் வரம் பெற்றவன், சக ஊழியன் தன்னையே காதலிப்பதைக் கேட்டுத் திகைக்கிறான். ஓச்சிக்குக் குறைவில்லை. மலைதான் இல்லை: தயக்கம் மெல்லக் கரைவதே கதை. இதே வகைக் கதைகளுக்கு 1990களில் பரவிய ‘பாய்ஸ் லவ்’ விற்பனைக்கு வசதியான பெயர். ‘யாவோய்’ என்ற சொல்லின் குறும்பு அதில் ஏது?